ஒரு வருஷ நர்சிங் டிப்ளமோ: பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி கேட்டவருக்கு மன்னார்குடி பக்கத்துக் கிராமம். அக்கா மகள் இந்த ஆண்டு வணிகவியல் குரூப்பில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். டவுனில் ஓர் இன்ஸ்டிட்யூட்டில் ‘ஒரு வருஷ நர்சிங் டிப்ளமோ, வேலை உறுதி’ என்கிறார்களாம். கட்டணம் 65,000 ரூபாய். பாதியை இந்த வாரமே கட்டினால் சீட்டாம். படுத்த படுக்கையாக இருந்த பாட்டியை ஆறு மாதம் அந்தப் பொண்ணுதான் பார்த்துக்கொண்டது, அதனால் இந்த வேலை சரியாக வரும் என்று வீட்டில் நினைக்கிறார்கள். சேர்க்கலாமா என்பது கேள்வி.

இந்த வாரம் கட்டாதீர்கள் தம்பி. சீட் எங்கும் ஓடிப்போகாது. ‘இந்த வாரமே’ என்று அவசரப்படுத்தும் இடத்தில் சீட் எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

நான் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று பக்கத்து மருத்துவமனைகளிலும் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பத்து ஆண்டுகள், புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வார்டில் வேலை சொல்லிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. படிப்பின் பெயரைக் கேட்டு நான் ஏமாந்ததும் உண்டு. இப்போது பெயரைப் பார்ப்பதில்லை. சான்றிதழின் அடியில் யார் கையெழுத்து, அந்தக் காகிதம் இந்தப் பிள்ளையின் கையை என்ன செய்ய அனுமதிக்கிறது, இந்த இரண்டைத்தான் கேட்பேன்.

நம் மாநிலத்தில் ஒருவர் நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு வேண்டும். 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த கவுன்சில் அது. நுழைவு நிலையில் அதில் பதிவு பெற மூன்றே வழிகள்: இரண்டு வருஷ ஏ.என்.எம். (துணைச் செவிலியர், தாதியர் படிப்பு), மூன்று வருஷ ஜி.என்.எம். (பொது செவிலியர், தாதியர் டிப்ளமோ), நான்கு வருஷ பி.எஸ்சி. நர்சிங். இவற்றில் ஒரு வருஷப் படிப்பு எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. ஆகவே ‘ஒரு வருஷ நர்சிங் டிப்ளமோ’ முடித்தவரை அவர் வேலை பார்க்கும் நர்சிங் ஹோமில் எல்லோரும் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடலாம், வெள்ளைக் கோட்டும் போட்டுக்கொள்ளலாம். சட்டத்தின் கண்ணில் அவர் நர்ஸ் இல்லை.

அப்படி ஒரு பொண்ணு என்னிடம் வந்தாள். ஊர் பெயர் வேண்டாம். அப்பா டிராக்டர் ஓட்டுபவர். ஒரு வருஷம் படித்து, இரண்டு வருஷம் ஒரு சின்ன கிளினிக்கில் டிரிப்ஸ் ஏற்றி, ஊசி போட்டு, கை நன்றாகப் பழகியிருந்தது. திருமணமாகி மாப்பிள்ளை வெளிநாட்டில். அங்கே நர்ஸ் வேலைக்கு மனுப் போட கவுன்சில் பதிவு எண் கேட்டார்கள். ‘அதை எங்க வாங்கணும் சிஸ்டர்?’ என்று என்னிடம் கேட்டாள். மூன்று வருஷ உழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவளிடம் ‘அது உனக்குக் கிடைக்காதும்மா’ என்று சொல்ல வேண்டியவளாகிப் போனேன். கடைசியில் ஏ.என்.எம். சேர்ந்து முதலிலிருந்து படித்தாள். கெட்டிக்காரி, அதனால் கரையேறினாள். எல்லோராலும் முடியாது.

‘வேலை உறுதி’ என்று அவர்கள் சொல்வது பொய் என்று நான் சொல்லவில்லை. வேலை கிடைக்கும். ஏன் கிடைக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். பதிவு பெற்ற நர்சுக்குக் கொடுக்கும் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்து அதே வேலையை வாங்கலாம் என்பதால் சில இடங்களில் இந்தப் பிள்ளைகளுக்குக் கிராக்கி. ஊசி போடு என்பார்கள், போடுவாள். ஒரு நாள் நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் ‘போட்டது யார்?’ என்ற கேள்வி வரும். அப்போது அவள் கையில் இருக்கும் காகிதம் அவளைக் காப்பாற்றாது.

சரி, அப்படியானால் என்ன படிக்கலாம்?

வணிகவியல் குரூப் என்கிறீர்கள். ஏ.என்.எம். அதற்குத் திறந்தே இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பிளஸ் டூவில் அறிவியல்தான் வேண்டும் என்பதில்லை. கணக்குப் பதிவியல், பொருளாதாரம் படித்தவர்களும் சேரலாம், வயது 17 முதல் 35 வரை. பெண்களுக்கு மட்டுமான படிப்பு. முடித்தால் கவுன்சிலில் பதிவு உண்டு. நம் கிராமங்களில் துணை சுகாதார நிலையத்துக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியர் இந்த வழியில் வந்தவர்தான். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, பிரசவத்துக்குப் பின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்று ஓர் ஊரின் அத்தனை பெண்களையும் பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருக்கும் வேலை. ஜி.என்.எம். படிப்புக்கும் கவுன்சில் விதி மற்ற குரூப்களை அறவே ஒதுக்கவில்லை, அறிவியலுக்கு முன்னுரிமை என்கிறது, 40 சதவீத மதிப்பெண் கேட்கிறது. ஆனால் கல்லூரியில் இடம் பிடிக்கும்போது அந்த ஆண்டு விண்ணப்பக் குறிப்பேட்டில் எந்தக் குரூப் கேட்டிருக்கிறார்கள் என்பதுதான் செல்லும். அதை வரிவரியாகப் படியுங்கள். எந்தப் பள்ளியாக இருந்தாலும், அது இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலிலும் மாநிலக் கவுன்சில் பட்டியலிலும் இந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வருஷம் முன்பு இருந்தது என்பது போதாது.

லேப், எக்ஸ்ரே, ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ் போன்ற டெக்னீஷியன் படிப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பொண்ணுக்கு அவை பெரும்பாலும் பொருந்தாது. டி.எம்.எல்.டி. என்னும் லேப் டெக்னீஷியன் டிப்ளமோவுக்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். உயிரியல் படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், 1959-இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி, 2010-இல் வந்த திருவாரூர் மருத்துவக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் என்ன பாராமெடிக்கல் படிப்புகள் இந்த ஆண்டு நடக்கின்றன என்று முதலில் விசாரியுங்கள். கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதைவிடப் பெரிய லாபம், தினமும் நூற்றுக்கணக்கில் நோயாளிகள் வரும் இடத்தில் கை பழகுவது. 2021-இல் வந்த தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துணை மருத்துவத் தொழிலர் என்று எண்ணப்பட குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, இரண்டு முதல் நான்கு வருஷத்தில் பரவியிருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஒரு வருஷச் சான்றிதழ், அது யார் கொடுத்ததாக இருந்தாலும், அந்த வரையறைக்குள் வராது. இரண்டு வருஷம் படிக்க வசதியிருக்கும்போது ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

108 ஆம்புலன்ஸ் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அதில் மருத்துவ உதவியாளராகச் சேர நர்சிங், பார்மசி, டி.எம்.எல்.டி. அல்லது உயிர் அறிவியல் பட்டம் போன்ற ஒன்று கேட்பார்கள். பிளஸ் டூ முடித்த கையோடு போக முடியாது.

இரண்டு வருஷம் படிக்க வைக்க முடியாது, உடனே சம்பாதிக்க வேண்டும் என்று ஒரு நிலை வீட்டில் இருக்கலாம். குறுவை பொய்த்த வருஷம் டெல்டாவில் அது என்ன நிலை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட்’ என்று ஒரு பயிற்சி இருக்கிறது. ஜி.டி.ஏ. என்பார்கள். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேரலாம், சில மாதங்களில் முடிந்துவிடும். சுகாதாரத் துறைக்கான திறன் கவுன்சில் வகுத்த பாடத்திட்டம். மத்திய அரசின் கௌசல் விகாஸ் திட்டத்திலோ, தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் வழியாகவோ நடந்தால் கட்டணமே கிடையாது. சொல்லிக் கொடுப்பவர் ஒருவர், தேர்வு வைப்பவர் வேறொருவர் என்பது இதில் எனக்குப் பிடித்த விஷயம். இதே வகையில் வீட்டுக்குப் போய் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ‘ஹோம் ஹெல்த் எய்ட்’ பயிற்சியும் உண்டு.

இந்தச் சான்றிதழ் உங்கள் பொண்ணை நர்ஸ் ஆக்காது. ஆக்குவேன் என்று சொல்லவும் சொல்லாது. அந்த நேர்மைக்காகவே 65,000 ரூபாய் டிப்ளமோவைவிட இதை நான் மதிக்கிறேன்.

‘அப்ப ஆயா வேலையா?’ என்று உங்கள் அக்கா கேட்பார். கேட்கட்டும். அந்த வேலையில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன்.

பக்கவாதம் வந்து அசையாமல் படுத்திருக்கும் ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விட்டால் இடுப்பெலும்புக்குப் பின்னாலும் குதிகாலிலும் தோல் சிவக்கும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. நம் வீடுகளில் பவுடர் போட்டு நன்றாகத் தேய்த்துவிடுவார்கள், அது உள்ளே இருக்கும் சதையை இன்னும் கெடுக்கும். மூத்திரக் குழாயோடு இணைத்திருக்கும் பை எப்போதும் நோயாளியின் அடிவயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும். ஸ்ட்ரெச்சரில் தள்ளும்போது பையைத் தூக்கி நோயாளி வயிற்றின் மேல் வைப்பதை நான் எத்தனை முறை பார்த்துக் கத்தியிருக்கிறேன் என்று கணக்கில்லை. பையில் இருப்பது திரும்ப உள்ளே போனால் காய்ச்சல், கிருமி, இன்னும் ஒரு வாரம் ஆஸ்பத்திரி. மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டவருக்குக் கஞ்சி விடும்போது தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்த வேண்டும், விட்டு முடித்த பிறகும் உடனே இறக்கக் கூடாது. இறக்கினால் கஞ்சி நுரையீரலுக்குப் போகும்.

மூச்சு எண்ணுவது இன்னொன்று. பெரியவருக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 இருக்கலாம். ‘உங்க மூச்சை எண்ணப் போறேன்’ என்று சொல்லிவிட்டு எண்ணினால் அவர் மூச்சையே மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மார்பின் மேல் வைத்து எண்ண வேண்டும். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, எண்ணுபவர்கள் குறைவு. சார்ட்டில் எல்லோருக்கும் 18 அல்லது 20 என்று எழுதியிருந்தால் யாரும் எண்ணவில்லை என்று நான் புரிந்துகொள்வேன்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது உங்களுக்கே நினைவிருக்கும். மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்த அந்த நாட்களில் ஜெனரேட்டர் இருந்தும் டீசலை எண்ணி எண்ணி ஓட்டினோம். மானிட்டர் எல்லாப் படுக்கைக்கும் கிடையாது. அப்போது எனக்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர், நாடியை விரலால் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, ‘சிஸ்டர், பதினாலாம் பெட்டுக்கு 130 ஓடுது, கை ஜில்லுன்னு இருக்கு’ என்று ஓடிவந்து சொன்ன ஒரு வார்டு உதவியாளர் அக்கா. அவர் ஊசி போடவில்லை, மருந்து சொல்லவில்லை. மாற்றத்தைக் கண்டுபிடித்து, சொல்ல வேண்டியவரிடம் சொன்னார். உதவிப் பணியாளரின் வேலையில் பாதி அதுதான்.

பயிற்சியில் இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று எப்படித் தெரியும்? இன்ஸ்டிட்யூட்டுக்கு நீங்களும் பொண்ணும் சேர்ந்து போங்கள். சென்ற ஆண்டு முடித்தவரின் சான்றிதழ் நகல் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். பெயரை மறைத்துக் காட்டினாலும் பரவாயில்லை, அடியில் இருக்கும் முத்திரை தெரிந்தால் போதும். ‘இந்தச் சான்றிதழ் வைத்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யலாமா’ என்று நேராகக் கேளுங்கள். ‘மத்திய அரசு அங்கீகாரம்’, ‘ஐ.எஸ்.ஓ. பெற்றது’, ‘டிரஸ்ட் பதிவு உண்டு’ என்று பதில் வந்தால் அது பதில் இல்லை. டிரஸ்ட் பதிவு என்பது டிரஸ்டுக்கு, படிப்புக்கு அல்ல. செய்முறைப் பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை படுக்கை, வாரத்துக்கு எத்தனை நாள், அந்த மருத்துவமனையிடமிருந்து கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். வகுப்பறையில் ஒரு பொம்மையையும் இரண்டு பி.பி. மிஷினையும் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டும் இடங்கள் உண்டு. அதற்கு நேர் எதிராக, முதல் நாளிலிருந்தே முதலாளியின் சொந்த நர்சிங் ஹோமில் சம்பளமில்லாத ஆளாக நிறுத்திவிட்டு அதற்குப் பயிற்சி என்று பெயர் வைக்கும் இடங்களும் உண்டு.

பிளஸ் டூ அசல் மதிப்பெண் பட்டியலைக் கேட்டால் சரிபார்த்துவிட்டு அங்கேயே திரும்பத் தரச் சொல்லுங்கள். வாங்கி வைத்துக்கொண்டு, பாதியில் நின்றால் முழுக் கட்டணம் கட்டினால்தான் தருவேன் என்று அழவைத்த கதைகள் எனக்கு நிறையத் தெரியும். பணம் எதுவாக இருந்தாலும் ரசீது.

அரசு வேலை பற்றி ஒரு வார்த்தை. மாவட்ட நலவாழ்வுச் சங்கம் என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு. பல்நோக்கு மருத்துவமனைப் பணியாளர், லேப் டெக்னீஷியன், செவிலியர் என்று தொகுப்பூதியத்தில் ஆள் எடுக்கும்போது மாவட்ட இணையதளத்தில் அறிவிப்பு வரும். தற்காலிகம்தான், நிரந்தரமாக்குவோம் என்று யாராவது காதில் சொன்னால் நம்பாதீர்கள். நிரந்தரப் பணி என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வரும். அந்த அறிவிப்பைத் திறந்து தகுதி என்ற பகுதியை மட்டும் படித்துப் பாருங்கள். எந்தப் படிப்பு, எந்தக் கவுன்சில் பதிவு என்று அதில் எழுதியிருப்பதுதான் சந்தையில் விற்கும் எல்லா டிப்ளமோவுக்கும் உரைகல்.

தனியாரில் வீட்டுப் பராமரிப்பு வேலைக்கு நம் பக்கம் நல்ல தேவை இருக்கிறது. கும்பகோணத்தில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்க, இங்கே பெரியவர்கள் இருவர் மட்டும் இருக்கும் வீடுகள் எத்தனை! கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை பக்கம் ஆண்கள் எல்லாம் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும். விழுந்து இடுப்பு முறிந்த அம்மாவைப் பார்க்க நம்பிக்கையான ஒரு ஆள் வேண்டும் என்று எனக்கே மாதம் ஒரு போனாவது வரும். ஆனால் 18 வயதுப் பிள்ளையைத் தனியாக அடுத்தவர் வீட்டில் இரவு தங்கும் வேலைக்கு முதல் வேலையாக அனுப்பாதீர்கள். முதலில் இரண்டு வருஷமாவது மருத்துவமனையில், மேலே ஒரு சிஸ்டர் இருக்கும் இடத்தில் பழகட்டும். வீட்டில் அவள்தான் முதலும் கடைசியும், சந்தேகம் கேட்க ஆள் இருக்காது.

நைட் டூட்டி கட்டாயம் வரும், இதை இப்போதே பேசிவிடுங்கள். பகலில் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது 2021-இலிருந்து நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு உதவி என்று நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் இரவு டூட்டி முடிந்து கிளம்பும் நேரத்துக்கும், மதிய ஷிப்ட் முடியும் நேரத்துக்கும் உங்கள் ஊருக்குப் பஸ் இருக்கிறதா? இல்லையென்றால் மருத்துவமனை விடுதி இருக்கிறதா? படிப்பு நன்றாக இருந்தும், நல்ல மருத்துவமனை கிடைத்தும், கடைசிப் பஸ் இல்லாததால் வேலையை விட்ட பிள்ளைகளை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ரத்தத்தைப் பார்த்துப் பயந்து விட்டவர்கள் அவ்வளவு இல்லை.

உங்கள் கேள்வியில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அக்கா நினைக்கிறார், நீங்கள் நினைக்கிறீர்கள், பொண்ணு என்ன சொல்கிறாள் என்று ஒரு வரியும் இல்லை. பாட்டியை ஆறு மாதம் பார்த்தாள் என்பது பெரிய விஷயம். விரும்பிப் பார்த்தாளா, வீட்டில் வேறு ஆள் இல்லாமல் பார்த்தாளா என்று அவளிடம் கேளுங்கள். பாட்டிக்குப் புண் வந்ததா, அப்போது என்ன செய்தாள், எது கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள். விருப்பம் இருந்தால் என் யோசனை ஏ.என்.எம்.தான், அதுவும் இந்த ஆண்டே. பணம் இடித்தால் இலவச ஜி.டி.ஏ. முடித்து ஒரு வருஷம் சம்பாதித்துவிட்டு அடுத்த ஆண்டு ஏ.என்.எம். வயது 35 வரை இருக்கிறது, அவசரமில்லை.

எதில் சேர்ந்தாலும் ஒன்றை மட்டும் இன்றே ஆரம்பித்துவிடலாம். மஞ்சள் காமாலை பி வகைக்கான தடுப்பூசி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. சின்ன வயதில் போட்ட அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு, இல்லாவிட்டால் சும்மா, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைப் பார்த்துக் கேளுங்கள். குப்பை வாளியை இடம் மாற்றும்போது அதில் யாரோ அலட்சியமாகப் போட்ட ஊசி முதலில் குத்துவது நர்ஸ் கையில் இல்லை, உதவியாளர் கையில். ஊசிகளுக்கு வெள்ளை டப்பா என்று 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதி இருக்கிறது, இருந்தாலும் குத்துகிறது. வார்டுக்குள் கால் வைக்கும் நாளில் அவளுக்கு இரண்டு ஊசியாவது முடிந்திருக்கட்டும்.